முளைக்காத நெல்

22 டிசம்பர் 1942, செவ்வாய்

கிறிஸ்மஸ் பாலன் குடிலில் பச்சைக்காக வைக்கும் தேங்காய்ச் சிரட்டைகளில் இன்றும் ஒரு முளைகூட இல்லை. எரிச்சலாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தங்கச்சி றோசி தூங்கிய பிறகு அப்பாதான் அவற்றில் நெல் விதைப்பார். பாலன் யேசுவே வந்து விதைத்துவிட்டுப் போகிறார் என்று அவள் நம்பியிருந்தாள். இம்முறை அப்பாவுக்குத் திருகோணமலையில் லீவு கிடைக்கவில்லை. பாயில் காய்ந்த நெல்லை நானே அள்ளி விதைத்தேன்.

அம்மா மணலைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு படிக்கிறாய். குத்துறதுக்கு அவிச்ச நெல்லு எங்கயாவது முளைக்குமா, புள்ள?"

இனி விதைத்தாலும் பெருநாளுக்குள் பச்சை வராது.

மாலையில் றோசி சிரட்டைகளுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். "நான் பொய் சொன்னதாலதானே பாலன் வரல்ல, அக்கா?"

அதன்பிறகு மறைக்க முடியுமா? அவித்த நெல்லை விதைத்தது நான் என்று சொன்னேன்.

"அப்ப போன வருசம்?"

"அப்பா."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் அப்பாதான்."

அழுகையை நிறுத்திவிட்டாள். என்னோடு சண்டை பிடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிடும்போது, "இந்த முறை குடிலுக்கு வெறும் மணல் போதும், அம்மா" என்றாள், பெரிய மனுசியைப் போல.