மிளகை வண்டியில் ஏற்ற வேண்டாம்

அனுப்புநர்:
முதல்நிலைப் பராமரிப்பாளர் (பிள்ளைகள் வாயில் பெரியம்மா),
சிறுமியர் இல்லம், மாடிப் பிரிவு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் இல்லங்கள் இயக்குநரகம்.

பொருள்: பயிற்சி அலுவலரின் கையைக் கடித்த ஆறு வயதுச் சிறுமியை வன்முறையாளர் பிரிவுக்கு மாற்றும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் 'பிள்ளை' என்ற சொல் ஆங்காங்கே வரும். புதிய விதிமுறைக் கையேட்டின்படி 'இல்லவாசி' என்றே எழுத வேண்டும் என்பதை அறிவேன். கோபத்தில் எழுதும்போது கை பழைய வழியிலேயே போகிறது, பொறுத்தருள வேண்டும்.

1. கையேடு வந்த நாள் முதல் அதன்படியே நடக்க நாங்கள் படாத பாடு பட்டு வருகிறோம். அழுகையை 'உணர்வு வெளிப்பாடு' என்கிறோம். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதை 'ஆறுதல் தொடுகை' என்கிறோம். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் பதவிப் பெயரால் அழைக்கும்படி பிள்ளைகளையும் பழக்கினோம். கண்ணில் சோப்பு போன ஒரு பிள்ளை குளியலறையிலிருந்து "முதல்நிலைப் பராமரி" வரைக்கும் சொல்லிப் பார்த்து, மீதி வராமல், "சமையல்காரம்மா" என்று வீறிட்டது. அவர் கரண்டியும் கையுமாக ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

2. சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து பயிற்சி அலுவலர் வந்தார். நல்ல மனிதர். காலையில் பிள்ளைகளை உட்கார வைத்து, "உங்களைக் கேக்காம யாரும் உங்களைத் தொடக் கூடாது. தொட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அப்பவும் விடலேன்னா சும்மா இருக்காதீங்க" என்று பாடம் நடத்தினார். முன்வரிசையில் இருந்த மிளகு கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். உருவத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் அது. குணமும் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. அவளுடைய அக்காவும் இங்கேதான் இருக்கிறாள், ஒன்பது வயது. இருவரும் ஒரே கட்டிலில் படுப்பார்கள். அதுவும் விதிக்குப் புறம்பு. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

3. பாடம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அலுவலர் மிளகைப் பார்த்து, "அட, என்ன கன்னம் இது" என்று இரண்டு விரலால் கிள்ளினார். மிளகு, "வேண்டாம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கன்னத்துக்குப் போனார். மிளகு கடித்தாள். சொல்லிக்கொடுத்ததை வரிசை மாறாமல் செய்து காட்டிய வேறொரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. அலுவலரும் கோபப்படவில்லை. கையை உதறிக்கொண்டு, "தப்பு எம்மேலதாம்மா, விடுங்க" என்று சொல்லி, மீதித் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

4. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மேலாளர் பயந்த சுபாவம். கையேட்டில் உள்ள சொற்களை மட்டுமே வைத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். கையேட்டில் கன்னமும் இல்லை, கிள்ளுவதும் இல்லை. ஆகவே, 'அலுவலர் பரிவு காட்டியபோது இல்லவாசி உடற்காயம் விளைவித்தார்' என்று எழுதினார். 'பயன்படுத்திய கருவி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காதாம். யோசித்து யோசித்து 'பல்' என்று போட்டார். கருவி இருக்கிறது, காயம் இருக்கிறது என்று தங்கள் அலுவலகம் மிளகை வன்முறையாளர் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள். மேற்படி கருவிகளில் ஒன்று இப்போதே ஆடிக்கொண்டிருக்கிறது. அவளை அங்கே கொண்டுபோக வண்டி வருவதற்குள் விழுந்துவிடும் போலிருக்கிறது.

5. மிளகிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "நான் சொல்லிடறேன் பெரியம்மா. கிள்ளினதுக்கு அந்த சார் எனக்குச் சொல்வாரா?" என்றாள். கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அலுவலர் மன்னிப்புக் கேட்பதற்கு அதில் கட்டமே இல்லை. பெற்றவர்கள் இல்லாத இந்த இருவருக்கும் மிஞ்சிய சொந்தம் ஒருவருக்கு ஒருவர்தான். அதையும் ஒரு கட்டத்தை நிரப்பிப் பிரிப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது ஐயா. இதற்குக் கையேட்டுச் சொல் எதுவென்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

ஆகவே, கடிபட்ட அலுவலரையே கூப்பிட்டு விசாரித்து, மாற்றல் உத்தரவை உடனே ரத்து செய்து, அக்காவையும் தங்கையையும் இதே இல்லத்தில் இருக்கவிட வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் திங்கட்கிழமை வண்டி வருகிறது. அன்று காலை இல்லத்தைப் பார்வையிடத் தாங்களும் வருவதாக மேலாளர் சொன்னார். இதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. இன்று காலை தலை பின்னிவிடும்போது மிளகின் அக்கா, அதிர்ந்து பேசாத பிள்ளை, மெதுவாக என்னிடம் கேட்டாள்: "நான் ஒரு பெரிய ஆபீசரைக் கடிச்சா, என்னையும் அதே வண்டியில ஏத்துவாங்களா பெரியம்மா?"

அவளுக்குப் பற்கள் எல்லாம் கெட்டி.

இடம்: துணி மடிக்கும் அறை
நாள்: வெள்ளிக்கிழமை

திங்கட்கிழமைக்குள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
முதல்நிலைப் பராமரிப்பாளர்