அண்டாவை முதுகில் கட்டியவனுக்கு

மண்டி மொஹல்லா, மைசூரு
ஆனி மாதக் கடைசி வெள்ளி

அன்பு மகன் யுவனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அந்த ஹாம்பர்க் ஊரில் நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். மரியாதை முடிந்தது, இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. போனில் திட்டினால் நீ அம்மா அம்மா என்று நடுவில் புகுந்து எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுவாய் என்று உன் தங்கை தாரணி சொல்கிறாள். காகிதத்தோடு நீ மல்லுக்கட்ட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதமும் விமானத்தில்தான் வந்து சேரும், அந்தப் புகையையும் என் தலையில் கட்டிவிடு, எனக்கு ஒன்றும் இல்லை. தாள் ஏன் மஞ்சளாக, அட்டை மாதிரி தடிமனாக இருக்கிறது என்று யோசிக்காதே. கடைசியில் சொல்கிறேன், அதுவரை திருப்பிப் பார்க்காதே.

போன மாதம் அங்கே துறைமுகத்துப் பக்கம் ஏதோ விழாவில் நீ பாடிவிட்டு மைக்கில் பேசினாயே, அந்த வீடியோவைத் தாரணிதான் காட்டினாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, என்னடி சொல்கிறான் என்று கேட்டேன். அவள் முகம் செத்துப் போயிருந்தது. விமானப் புகை பூமியைக் கெடுக்கிறது, இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் விமானத்தில் ஏறமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான் அம்மா என்றாள். ஏன்டா, ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்பது உனக்குத் தெரியாதா? கொள்ளேகாலில் மாப்பிள்ளை மகேந்திரன் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றியபோது நீ போனில் இருந்து பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்தாய்தானே? கேட்டால், பாட்டு பாடிய வேகத்தில் வாயில் வந்துவிட்டது அம்மா, ஆனால் சொன்னது சொன்னதுதான் என்கிறாய். கார்த்திகையில் ஒரு சரக்குக் கப்பலில் இடம் கிடைக்கும், கொச்சியில் இறங்கி ரயில் பிடித்து வந்தால் தைக்குத்தான் வந்து சேர முடியும் என்கிறாய். தையில் வந்து என்ன செய்யப் போகிறாய், பந்தல் குழியை மூடவா?

அதற்கு மேல் ஒன்று சொன்னாயே, அதுதான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது. வீடியோவில் கலந்துகொள்கிறேன் என்றாய். நம் கல்யாணத்தில் பெண்ணின் உடன்பிறந்தவனும் மாப்பிள்ளையும் எதிரெதிராக உட்கார்ந்து கை கோர்க்க வேண்டும், அப்போதுதான் மங்கல வாழ்த்துப் பாடுவார்கள், இனி என் தங்கைக்கு நீ பொறுப்பு, உனக்கு நான் துணை என்று சொல்லாமல் சொல்வது அந்தக் கைகோர்வைதான். மறந்துவிட்டாயா? உன் மாமன் சீனு, உங்கள் அப்பாவின் கையைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை, கடையில் ஒரு கஷ்டம் என்றால் கௌதள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறான். வீடியோவில் எப்படிடா கை கோர்ப்பாய்? மாப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரா? சார்ஜ் போய்விட்டால் உறவும் போய்விடுமா?

உன் கொள்கையால் இந்த வீடு பட்டதை எல்லாம் இன்றைக்குச் சொல்லித்தான் தீருவேன். பாத்திரக் கடையில் பிறந்தவன், சரி, அண்டாவைத் தட்டினாய், குடத்தைத் தட்டினாய், வியாபாரம் நடக்கும்போது தட்டினாய், உங்கள் அப்பா தடுக்கவில்லை. காலேஜில் நாலு பேராகச் சேர்ந்து பேண்ட் என்று ஆரம்பித்தீர்கள். ஒருத்தனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆனது, இன்னொருத்தன் ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. நீயும் விட்டுத் தொலைப்பாய் என்று பார்த்தேன். நீயோ நம் கடை அண்டாவை முதுகில் கட்டி, அதை அடிக்கிற குச்சிக்குக் கயிறு போட்டுக் குதிகாலில் மாட்டி, கையில் கிடார், கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கன், கணுக்காலில் ஜால்ரா என்று, நாலு பேர் வேலையையும் நான் ஒருவனே செய்வேன் என்று கிளம்பிவிட்டாய். ஒத்தையாள் என்று பெயரும் வைத்துக்கொண்டாய். மார்க்கெட் பக்கம் போனால் என்னைப் பார்த்து, பாக்கியலட்சுமி, உங்கள் பையனுக்கு முதுகில் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை.

அதோடு விட்டாயா? கரண்ட் வேண்டாம் என்று ஸ்டேண்ட் போட்ட சைக்கிளில் டைனமோ மாட்டி, பாட்டுக் கேட்க வந்தவர்களையே மிதிக்க வைத்தாய். டிக்கெட் வாங்கி வந்தவன் வேர்க்க விறுவிறுக்க மிதிக்கிறான், அவன் களைத்தால் பாட்டும் தேய்கிறது, அடுத்தவன் ஓடிவந்து ஏறுகிறான். இப்படி ஒரு கச்சேரியை நான் எங்கேயும் கண்டதில்லை. பிறகு கடைக்குள் வந்து பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் பக்கெட் விற்கக் கூடாது என்று அப்பாவோடு சண்டை. அவர் மூன்று நாள் வாதாடிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எதிர்க்கடைக்காரனுக்கே கொடுத்துவிட்டார். இன்று அவன் கடையில் கூட்டம், நம் கடையில் ஈ. கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து விளம்பரத்துக்கு உன் பாட்டைக் கேட்டபோது, உங்கள் பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு அனுப்பினாய். நான் அந்த மனிதனுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன், அதைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

உன் சீனு மாமனை என்ன பாடு படுத்தினாய், நினைவிருக்கிறதா? ஜெர்மனி போகும் முன் கடைசியாக இங்கே நீ பாடியபோது, பாவம், ஆசையாக ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஃப்ளெக்ஸ் அடித்து வந்தான். இயற்கையின் காவலனே வருக வருக என்று போட்டு, உன் படம், பக்கத்தில் கும்பிட்டபடி அவன் படம். நீ அண்டாவைக் கட்டியபடியே அது கட்டியிருந்த கம்பத்தில் ஏறி அவிழ்த்துக் கீழே போட்டு, இயற்கையைக் காப்பாற்ற இத்தனை பிளாஸ்டிக்கா மாமா என்று ஊர் முன்னால் கேட்டாய். அவனுக்கு என்ன தெரியும்? கடா வெட்டானாலும் காதுகுத்தானாலும் ஃப்ளெக்ஸ் அடிப்பதுதான் மரியாதை என்று நினைப்பவன். தூக்கி எறியக் கூடாது, அதையும் எதற்காவது பயன்படுத்து என்றாய். இன்றைக்கும் கடை வாசலில் வெயிலுக்குக் கட்டியிருக்கிறோம். மழை பெய்தால் தண்ணீர் உன் மூக்கு வழியாகத்தான் ஊற்றுகிறது. அடுத்த கடை பசம்மா தினமும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, நிம்ம மக மதுவெகெ பர்த்தானா, உன் மகன் கல்யாணத்துக்கு வருகிறானா என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

அங்கே போயாவது பெரிய ஆளாவாய் என்று பார்த்தால், சிடி போட்டால் குப்பை என்று விதை வைத்த அட்டையில் பாட்டு இறக்கிக்கொள்ளும் எண்ணை அச்சடித்து விற்கிறாயாம். நீ அனுப்பியதை நான் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என்னவோ ஒரு ஜெர்மன் செடி முளைத்தது, ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி போகட்டும். அந்தத் தண்ணீர் லாரிப் பாட்டு ஒன்றுக்காக உன்னை எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன். கோடையில் லாரிக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு, செருப்பு அறுந்தும் நிற்காமல் ஓடுகிறாளே ஒருத்தி, அது யார் என்று பாட்டைக் கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை நான் தனியாக இருக்கும்போதுதான் கேட்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வரமாட்டாய் என்று ஆனபின், உன் சித்தப்பா மகன் தருண்குமார் உட்கார்ந்து கை கோர்க்கட்டும் என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம். தாரணி, அண்ணன் கை இல்லாவிட்டால் யார் கையும் வேண்டாம் என்று இரண்டு நாள் சோறு தின்னவில்லை. வாயை மூடடி என்று அவளையும் திட்டிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் விஷயத்தைச் சொல்லக் கொள்ளேகாலுக்குப் போனோம். பஸ்ஸில் போகும் வழி முழுக்க உன்னைத்தான் சபித்துக்கொண்டு போனேன், பொய் சொல்லவில்லை.

அங்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் ரத்தினவேல் இருந்தார். அப்பா மெதுவாக விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஏனுங்க, முதுகுல அண்டாவக் கட்டிட்டுத் தெருவுல ஆடற பையனுக்கு இத்தனை பவுசுங்களா, ஏரோப்ளேன்ல ஏறமாட்டேன்னு மேடையில சொல்றதெல்லாம் கைதட்டுக்குங்க, யாருக்கும் தெரியாம ஏறி வரச் சொல்லுங்க, இங்க யாரு பார்க்கப் போறாங்க என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். மேடையில் சொன்னதை இறங்கியதும் மறக்க என் மகன் ஓட்டுக் கேட்டு வந்தவன் இல்லைங்க என்றேன். அவன் ஒளிந்து வந்து உங்கள் பையன் கையைப் பிடித்தால் அந்தக் கைக்கு என்ன மதிப்பு, பாட்டுக் கேட்கிறவர்களிடம் பொய் சொன்னவன் நாளைக்கு மச்சானிடம் உண்மையாக இருப்பானா என்று கேட்டேன். அதோடு நிறுத்தாமல், ஹனூர் பக்கம் மழை தப்பிப் போனது, கிணறு வற்றியது, வானத்தில் புகை சேர்வது என்று போனில் நீ சொல்லச் சொல்லக் காது கொடுக்காமல் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேனே, அத்தனையும் என் வாயிலிருந்து வரிசையாக வந்தது. அப்பா என்னை வேறு யாரையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

கோபம் தலைக்கேறியவள் அங்கேயே நிற்கவில்லை. என் மகன் தையில்தான் வருவான், கல்யாணத்தைத் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை, ஜோசியரைக் கேட்கவில்லை, தாரணியைக் கேட்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. பெண் கல்யாணத்தைத் தாயே நின்று கெடுத்துவிட்டாளே என்று நாளை ஊர் பேசுமே என்று நினைத்தேன். ரத்தினவேல் சம்பந்தியம்மாவைப் பார்க்கிறார், அந்த அம்மா விட்டத்தைப் பார்க்கிறார். அப்போது மாப்பிள்ளை மகேந்திரன் எழுந்து வந்தார். தையிலயே வெச்சுக்கலாங்க அத்தை, கை கோர்த்தா மச்சான் கையத்தான் கோர்ப்பேன், அதுக்காகக் கப்பல்ல வர்ற ஆளுக்கு அஞ்சு மாசம் காத்திருக்க மாட்டனா என்றார். அதோடு மாமனிடம் திரும்பி, ஆடற பையன்னு இனிமே சொல்லாதீங்க மாமா என்றும் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே நாள் மாறிவிட்டது, தைப்பூசத்துக்குப் பிறகு வரும் முதல் முகூர்த்தம். இப்போது தாளைத் திருப்பிப் பார். ஆவணி முகூர்த்தத்துக்கு அச்சடித்து வந்த பத்திரிகை அது, கட்டுக் கட்டாக வீட்டில் கிடக்கிறது. காகிதத்தை வீணாக்காதே என்று நீதானே உயிரை எடுப்பாய், அதனால்தான் அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மளிகைச் சீட்டு, பால் கணக்கு, கடை ரசீது எல்லாம் இனி இதில்தான். நான் உன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று மட்டும் துள்ளாதே. தங்கை கல்யாணத்தை நினைக்காமல் மேடையில் வாயை விட்டது தப்புதான், அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, நீ வந்து நின்றால்கூட ஆறுமோ ஆறாதோ. ஆனால் உன்னைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, ரத்தினவேலுக்கு இல்லை.

கப்பலில் இடத்தை இன்றைக்கே உறுதி செய். கார்த்திகை போய் மார்கழி என்று இழுத்தாயானால், அந்தச் சபையில் நான் பேசிய பேச்சுக்கு என் தலையை எங்கே கொண்டு வைப்பேன், அதை நினைத்துக்கொள். கடலில் வாந்தி வரும், சுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கையில் வைத்துக்கொள். அங்கே கிடைக்காது என்றால் சொல், அனுப்புகிறேன், விமானத்தில்தான் வரும், பேசாமல் வாங்கிக்கொள். அண்டாவை விட்டுவிட்டு வராதே. கொள்ளேகால் பஸ் நிலையத்தில் அதை முதுகில் கட்டிக்கொண்டே இறங்கு, ரத்தினவேல் கண் நிறையப் பார்க்கட்டும்.

மாதேஸ்வரன் மலைச் சாமி உன்னைக் கரை சேர்க்கட்டும். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த பாட்டைப் பாடி, நூறு வயது நன்றாக இரு. அப்பாவும் தாரணியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், சீனு மாமன் இந்த முறை துணியில் எழுதி வைப்பதாகச் சொல்லச் சொன்னான்.

கடைசியாக ஒன்று. பாட்டு வேகத்தில் கிடார் கம்பியில் விரலைக் கிழித்துக்கொள்வாயே, கப்பலில் அந்த வேலை வேண்டாம். மாப்பிள்ளை ஐந்து மாதம் காத்திருந்து பிடிக்கப் போகிற கை, பத்திரமாகக் கொண்டு வந்து சேர்.

கோபம் தீராத உன் அம்மா
பாக்கியலட்சுமி