கரைக்குக் கிடைத்த ஒரே வசனம்

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்கிறேன். வடக்குப் பேரரசராக ரத்னம்மா. தெற்குப் பேரரசராக நான். நாடகம் எழுதிய வாசகசாலைச் செயலாளர் சுகுமாரன் சார். முன்வரிசை நாற்காலியில் உன் கொழுந்தன் மணியன். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உன் அண்ணன், என் வீட்டுக்காரர். நடுவில், நீலச் சேலையில், நீ.

இன்று பேத்திக்குப் பள்ளி நாடகத்துக்காக மீசை ஒட்டினார்கள். அந்தப் பசை மணம் மூக்கில் ஏறியதும் எல்லாரும் வந்து நின்றுவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குளத்தூர் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு நம் அயல்கூட்ட மகளிர் குழுப் பெண்கள் நாடகம் போட்டோம். ஒரு கடற்கரை நாட்டுக்காக இரண்டு பேரரசுகள் அடித்துக்கொள்ளும் கதை. பார்ப்பவர்களில் பாதிப்பேர் மலையாளம், பாதிப்பேர் தமிழ் என்பதால் வடக்கு மலையாளம் பேசும், தெற்கு தமிழ் பேசும். கடற்கரையாக நிற்கும் உனக்குப் பேச்சே இல்லை. ஜெயித்தவர் மாலை போட்டால் தலை குனிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்திகையில் நீ கேட்டாய்: "சாரே, ரெண்டு ராசாவும் எனக்க பேரச் சொல்லித்தானே வெட்டிச் சாவுறானுவ? எனக்கிட்ட ஒருத்தனும் கேக்கல்லியே?"

"கரைக்கு வாயுண்டா? மிண்டாம நின்னா போரும்."

ரத்னம்மா விடவில்லை. "நல்லா இருக்கு சாரே! தலை போனவன் அரை மணிக்கூர் பேசுறான், உயிரோட நிக்கியவ ஒரு வார்த்தை பேசப்பிடாதோ?"

எல்லாரும் சிரித்ததில் சார் இறங்கி வந்தார். மாலை விழுமுன் ஒரு வசனம், அதை நீயே சொல்லிக்கொள் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அது எதற்கு என்று என்னிடம் மட்டும் சொன்னாய். பொழியூரில் உங்கள் சாயாக்கடையையும் முன்னறையையும் கடல் கொண்டுபோயிருந்தது. அதற்கு முன்பே உன் வீட்டுக்காரரும் இறந்துபோயிருந்தார். மிச்சம் இருந்தது அடுக்களையும் ஒரு தென்னையும். அதை யார் விற்பது என்று மணியன் ஒரு பக்கம் இழுத்தான், உன் அண்ணன் மறுபக்கம் இழுத்தார். 'பெண் தனியாக அங்கே எப்படி இருப்பாள்' என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே வாய்.

"மயினி, அந்த அடுக்களையில நான் அடுப்பு பத்த வைப்பேன். சாயா போட எனக்குத் தெரியாதா? வீட்ல சொன்னா அண்ணன் விரட்டுவாவ, நான் அழுவேன். மேடையில, ஊரு முன்ன சொல்லிப்போட்டா பிறவு யாரு மாத்துவா?"

வசனத்தை எங்கள் வீட்டு அம்மிக்கு முன் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "எனக்கு ரெண்டு ராசாவும் வேண்டாம். இது எனக்க மண்ணு. நான் இங்கதான் இருப்பேன்." நான் கேட்டேன். உள்ளறையில் இருந்த உன் அண்ணனும் கேட்டிருக்கிறார்.

விழாவன்று மேடைச் சண்டைக்கு நடுவே என் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. செத்துக் கிடந்த ரத்னம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதைக்கூட நான் இன்னும் மறக்கவில்லை. கூட்டம் அடங்கியது. மாலையோடு உன் முன் வந்து நின்றேன். நீ ஓர் அடி முன்னால் வைத்தாய். நேராக மணியனைப் பார்த்தாய்.

"எனக்கு ரெண்டு..."

திரை விழுந்தது.

நாடகம் முடிந்தது என்று வெளியே கைதட்டினார்கள். கயிறு வழுக்கிவிட்டது என்று ஊரிடம் சொன்னார் உன் அண்ணன். வழுக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததை மாலையைப் பிடித்தபடி நான் பார்த்தேன்.

"குடும்ப மானத்த மேடையில ஏத்தப் பாக்கியா? எட்டி, நட வீட்டுக்கு!"

"இன்னும் முடியல்ல அண்ணா," என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அந்த மாதமே மணியனும் அவரும் கைகோத்துக்கொண்டு மண்ணை விற்றார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாய். பிறகு எங்கள் பின்னறைதான் உனக்கு. பொழியூர் பஸ் ஏறி ஒருதடவை கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாய். "நாளைக்குப் பாப்போம்," என்பார். அந்த நாளை வருவதற்குள் போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "எனக்க தங்கச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினவ இல்ல." அதைக் கேட்டும் நான் வந்தவர்களுக்குச் சுக்குவெள்ளம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு மட்டும் ஊற்றவில்லை. அப்படி ஒரு கோபம்.

சுகுமாரன் சார் வந்து அழுதார், அவரை மன்னித்து விட்டுவிட்டேன். மணியன் மண்ணுக்கு ஆசைப்பட்டவன், அந்நியன், அவனையும் விட்டுவிட்டேன். நீ சொல்லாமல் போன வசனம் என் வாயில் கிடக்கிறது. அதை உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி தினமும் சொல்கிறேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்.

இந்த வீட்டுக்குக் கட்டி வந்த நாள் தொட்டு அவர் பேரை நான் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத்தான் நீட்டுவேன். இங்கே எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான்.

செல்லப்பன்.