அவன் பெயர் என்ன?

இன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்ததும் மைதாப் பசை வாடை. கிழக்கேகோட்டையில் எங்கள் தெருச் சுவர் முழுக்க என் படம்தான், சார். தலையில் கிரீடம் வரைந்து, கீழே மலையாளத்தில், 'மகாராஜா வருகிறார், வழிவிடு' என்று எழுதியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளராக நான் செய்தது, வண்டிகள் நுழையாதபடி தெருமுனையில் சங்கிலி போட்டுப் பூட்டியதுதான். இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

பக்கத்து வீட்டுக்காரர் கொதித்துப்போனார். "சாரே, ஸ்டேஷன்ல நமக்கு வேண்டப்பட்டவா இருக்கா, கேட்டேளா? போன்ல ஒண்ணு விளிச்சாப் போறும். ஒட்டினவனைத் தூக்கிண்டு போயிடுவா."

கை தானாகச் சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போயிற்று. அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது.

அந்தக் காலத்தில் நீங்கள் மந்திரி, நான் உங்கள் பி.ஏ. உங்களைக் கேலி செய்து உங்கள் வீட்டு மதிலிலேயே சுவரொட்டி ஒட்டினார், ஆரியசாலைக் கடைத்தெருவில் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர். 'மந்திரி ஆபீசிலிருந்து பேசுகிறேன்' என்று ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டேன். வழக்கு இல்லை, எழுத்து இல்லை. ஒட்டிக்கொண்டிருந்தவரை அங்கேயே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். மெச்சுவீர்கள் என்று பெருமையாக வந்து சொன்னேன்.

"அவன் பேரு என்னவே?" என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை. "பேருகூடத் தெரியாத ஒருத்தனை எந்தச் சட்டத்துலவே உள்ள வச்சீரு?"

காருக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய் அவரை வெளியே கூட்டிவந்தீர்கள். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள். மறுநாள் சட்டசபையில் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பதவியை விட்டீர்கள். யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு இப்படியா என்று சண்டை போட்டேன்.

"அவனுக்குத் தெரியும்லாவே," என்றீர்கள். "ஒரு போன்ல ஒருத்தனை உள்ள தள்ள முடியும்னா, அந்தப் போனு நல்லவன் கையில இருந்தாலும் ஆபத்துதான்."

வெகுகாலம் உங்கள் மேல் கோபம் எனக்கு. விட்டு என்னத்தைக் கண்டீர்கள்? பின்னால் வந்தவர்கள் போன் செய்துகொண்டேதான் இருந்தார்கள். பேப்பரைப் பிரித்தால் இன்றும் அதே கதை. சலித்துவிட்டது, சார். உங்களை எரித்த அன்று அந்தத் தொழிலாளி சுடுகாட்டுக்கு வந்திருந்தார்.

"ஒட்டினவன் பேர் என்ன?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார். போனை நான் எடுக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

யோசித்தால், அந்தச் சங்கிலியை நான் யாரைக் கேட்டுப் போட்டேன்? சாயங்காலம் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்தேன். சுவரொட்டி அப்படியே இருக்கிறது.

இப்போதெல்லாம் சாவியை வைத்த இடம் மறக்கிறது, மருந்து மறக்கிறது. அன்று விளக்கக் கடிதத்தில் எழுதுவதற்காக அந்தத் தொழிலாளியிடமே போய்க் கேட்ட பெயர் மட்டும் மறக்கவில்லை. மாணிக்கம், சார்.