ரிசல்ட்டுக்கு முந்தைய இரண்டு நாட்கள்

அப்பா,

சமையலறை மேல்தட்டைத் துடைக்கும்போது பாகற்காய் வற்றல் டப்பா கிடைத்தது. மூடியைத் திறந்தேன். கசப்புக்கும் ஒரு வாசனை உண்டு. பாதிதான் காலியாகியிருந்தது. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் தின்றால் அவ்வளவுதான் காலியாகும்.

உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நான் காட்பாடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் நிறையப் படித்தேன். படித்ததை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சோறு ஒரு கரண்டி. காய் இரண்டு மடங்கு. டீயில் சர்க்கரை இல்லை. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி தோல் வெட்டிவிட்டு வருகிற உங்களை, சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னேன். நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள்.

தாளில் இருந்தது எதுவும் தவறில்லை. இப்போதும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ரிசல்ட்டை நான்தான் வாங்கி வருவேன். முதல் மாதம் அதிகமாக இருந்தது. நான் திட்டவில்லை என்றே இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்று சாப்பிடவில்லை. அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் நன்றாகவே வந்தது.

ஒருநாள் ஆம்பூர் பஜாரில் உங்களோடு நடந்து வரும்போது, உங்கள் கட்டிங் செக்‌ஷன் பஷீர் பாய் எதிரே வந்தார்.

"இன்னாப்பா, டாக்டரம்மா வெச்ச பரீட்சை முடிஞ்சிதா? பாஸா?"

பாஸ் என்றீர்கள்.

"அப்ப நாளைக்கு பிரியாணிக்கு வந்துடு. ரெண்டு நாளா கஞ்சியும் பாகக்காயும் தின்னு மூஞ்சே சுருங்கிப்போச்சி."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கேலி என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

மூன்று வருடம் கழித்துக் கால் வீங்கியது. வேலூரில் ஒரு டாக்டர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். இரண்டு நாள் கஞ்சிக்கு அது ஏமாறாது. என்னிடமிருந்த மூன்று வருடத்து நல்ல காகிதங்களையும் புது ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டெஸ்ட்டுக்கு முன்னால் மட்டும் வாயைக் கட்டுவீர்களா என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் என்றார். நல்ல ரிசல்ட்டை நம்பி இத்தனை நாளும் ஆம்பூரில் மாத்திரையைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள். சிறுநீரகம் பாதி போயிருந்தது.

நீங்கள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "சக்கரைக்கு நான் பயப்படல பாப்பா. நம்பர் ஜாஸ்தியா வந்தா உன் மூஞ்சி மாறிப்போவுது. அத பாக்க முடியல."

அதைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் திரும்பவில்லை.

நீங்கள் போய் ஒன்றரை வருடம். போன மாதம் அம்மாவுக்குப் பார்த்தார்கள். எல்லையில் இருக்கிறதாம். இன்னும் சர்க்கரை நோய் இல்லை. சாப்பாட்டை மாற்றினால், தினமும் நடந்தால், வராமலே தடுக்கலாம் என்றார்கள். இந்த முறை தாள் ஒட்டவில்லை. இருவருக்கும் ஒரே சாப்பாடு. சாயங்காலம் பள்ளி மைதானத்தைச் சுற்றி இருவரும் நடக்கிறோம், அம்மாவின் வேகத்தில். எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்குகிறது.

நேற்று மூன்றாவது சுற்றில் அம்மா நின்றாள். எதிர்வீட்டு நிக்கா விருந்தில் பிரெட் அல்வா சாப்பிட்டதாகச் சொன்னாள். ரெண்டு வாட்டி வாங்கினேன் என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்ட வந்ததை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சாம்மா?"

"நெய் கம்மி."

நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு, தரையைப் பார்த்தபடி, "மூணு வாட்டி," என்றாள்.

உங்களிடம் ஒருமுறைகூட நான் அப்படிக் கேட்டதில்லை, அப்பா.