முந்திக்கொண்ட வாத்துகள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? என் லீவு தள்ளிப்போனதற்காகப் போனில் பேசாத நம் பாப்பாவின் கோபம் தணிந்ததா?

இங்கே இலை உதிர்கிற காலம். ஞாயிறன்று என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன் பறவை காட்ட நீர்த்தேக்கத்துக்கு இழுத்துப்போனார். பைனாகுலரில் ஒரு கொக்கை வெகுநேரம் ரசித்தேன்.

"அண்ணே, என்னா தவம் பாருங்க!"

"யோவ், அது கம்பியில மாட்டின சிமெண்ட் சாக்குய்யா!"

அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீரிலிருந்த செந்தலை வாத்துகளெல்லாம் பறந்துவிட்டன. குளிருக்கு நம் ஊர்ப் பக்கம்தான் வருமாம். லீவு கேட்காமலே கிளம்பிவிட்டன, கொடுத்துவைத்தவை! எனக்கும் அடுத்த மாதம் உறுதி என்று சூப்பர்வைசர் தலையாட்டியிருக்கிறார்.

கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி அனுப்பு. நம் ஏரிக்கு அந்த வாத்துகள் வந்தனவா என்று தெரியவேண்டும். என் கண் லட்சணம் தெரிந்ததே, உனக்கோ சோடாபுட்டிக் கண்ணாடி. பாப்பாவே பார்த்துப் போனில் சொல்லட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

உன்
கொக்கு நிபுணன்