இருபத்தோராவது ஜனாதிபதி மறைத்த வருத்தம்

என்ர இஞ்சாருங்கோ,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுதேக்கையும் இப்பிடித்தான் வருது.

பக்குரங்கா ஊர் மண்டபத்தில நடந்த முதியோர் ஒன்றுகூடலில நீங்கள் அமெரிக்காவின்ர இருபத்தோராவது ஜனாதிபதியைப் பற்றிக் கதைச்சது ஞாபகமிருக்கே? அவரின்ர பேரே அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் உங்களுக்குப் பிடிச்சது.

கட்சிக்காரருக்கு அரசாங்க வேலையளைப் பிரிச்சுக் குடுத்து வளர்ந்த மனுசன் எண்டீங்கள். ஜனாதிபதி சுடுபட்டுச் செத்துப்போக, உப ஜனாதிபதியா இருந்த இவர் அந்தக் கதிரைக்கு வந்தார். இனி நாடு உருப்படாது எண்டு சனம் நினைச்சுது. ஆனால் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினால்தான் அரசாங்க வேலை எண்ட சட்டத்தில கையெழுத்து வச்சதே அவர்தான்.

"சீனரை நாட்டுக்குள்ள விடாத சட்டத்திலையும் அவர்தானே அப்பா கையெழுத்து வச்சவர்?" எண்டு கூட வந்திருந்த எங்கட மகள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, அதுவும் அவர்தான்" எண்டீங்கள். மறைக்கேல்லை.

கடைசியாத்தான் அந்தக் கதை வந்தது. பதவியில இருக்கேக்கையே அவருக்குச் சிறுநீரக வருத்தம். வெளியில சொல்லாமல் வேலையைச் செய்து முடிச்சு, வீட்டுக்குப் போய்க் கொஞ்சக் காலத்தில செத்துப்போனார். எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினனான். அதே வருத்தம் உங்களுக்கும் வந்திட்டுது எண்டு எனக்குத் தெரியாது.

பாட்டனி டவுன்ஸ் கடைவாசலில நீங்கள் மயங்கி விழுந்த பிறகுதான் டொக்டர் சொல்லித் தெரிஞ்சுது. ஏன் மறைச்சனீங்கள் எண்டு ஆஸ்பத்திரியில கேட்டன்.

"சொல்லியிருந்தால் நீர் என்னை நோயாளியாத்தான் பாத்திருப்பீர்" எண்டீங்கள்.

அந்த ஆஸ்பத்திரியிலயே நீங்கள் கண்ணை மூடிட்டியள். எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமே? பின்னேரங்களில நடக்க வாறியள் இல்லையெண்டு உங்களை ஏசின ஏச்செல்லாம் ஒவ்வொண்டா ஞாபகம் வந்தது. களைச்ச மனுசனெண்டு தெரிஞ்சிருந்தால் நானும் பக்கத்தில இருந்திருப்பனே.

இப்ப ஒரு புதினம். என்ர மார்பில ஒரு கட்டி. புற்றுநோய்தானாம். ஆரம்பமெண்டபடியால் ஒப்பரேசன் செய்து எடுக்கலாம் எண்டு சொல்லியிருக்கினம்.

டொக்டர் அதைச் சொன்ன அண்டைக்குப் பின்னேரமே மகள் போன் எடுத்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

"ஓம் பிள்ளை, சுகம்."

பிறகு அவள் கிளென் ஈடனில வாங்கின வீட்டு யன்னலுக்கு என்ன நிறத்தில கேட்டின் போடுறதெண்டு என்னோட வாதாடினாள். நல்லாச் சிரிச்சம். போனை வைக்கேக்கைதான் உங்களை விளங்கிச்சுது. நோயாளியா இல்லாமல் இருக்கிறது எவ்வளவு சுகம். இதுக்காகத்தானே நீங்களும் வாய் திறக்கேல்லை?

உங்களில இருந்த கோவம் அதோட போட்டுது. ஆனாலும் நீங்கள் செய்தது சரியெண்டு என்னால சொல்லேலாது. அந்த ஜனாதிபதி ஒரு நாட்டுக்கு மறைச்சார். நீங்கள் எனக்கு மறைச்சனீங்கள். இரண்டும் ஒண்டே?

நாளைக்கு மகள் இஞ்ச வாறாள். தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, எல்லாத்தையும் சொல்லப்போறன். அழுதால் அழட்டும். ஒப்பரேசனுக்கு என்னோட வா பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு கேப்பன். இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.

உங்களோட இன்னும் சண்டை பிடிக்கிற,
உங்கட மனுசி